வீட்டுப் பட்டறைக்கு எந்த ஏர் கம்ப்ரசர்? பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

பொழுது விடியும் முன்பே போடிநாயக்கனூரிலிருந்து தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறத் தொடங்கிவிடும். 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் போடிமெட்டு. அதற்கு அப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று ஏலத்தோட்டங்கள் விரிகின்றன. அங்கே ஒரு டயரில் காற்று இறங்கினாலும், விசைத்தெளிப்பானின் கார்ப்ரேட்டர் அடைத்துக்கொண்டாலும் பட்டறை தேடி அலைய வேண்டும். அன்றைய வேலை கெட்டுவிடும். அதனால் வீட்டுக் கொட்டகையிலேயே சின்னதாக ஒரு ஏர் கம்ப்ரசர் வைத்துக்கொள்ளப் பல விவசாயிகள் விரும்புகிறார்கள்.

இதில் உடல்நலம் சார்ந்த காரணமும் ஒன்று உண்டு. ஏலத்தில் அழுகல் நோயைத் தடுக்க 1 சதவீத போர்டோ கலவை தெளிக்கும்போது, சரியாக வடிகட்டாத சுண்ணாம்புக் கசடு நாசிலை அடைத்துக்கொள்ளும். உடனே அதைக் கழற்றி வாயில் வைத்து ஊதுவார்கள். பூச்சிமருந்து தெளிக்கும்போதும் கை தானாக அதையே செய்கிறது. மருந்து நேராக வாய்க்குள் போகிறது. இந்தப் பழக்கத்தைக் கட்டாயம் விட வேண்டும்.

ஆனால் நாசிலைச் சுத்தம் செய்ய மட்டும் கம்ப்ரசர் தேவையில்லை. கையுறை போட்டுக்கொண்டு, ஒரு வாளித் தண்ணீரும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் இருந்தால் போதும். இரு சக்கர வாகனத்துக்கு மட்டும் காற்றடிக்க வேண்டுமென்றால் கால் பம்பே போதும். ஜீப் டயர், ஏர் ஃபில்டர், கார்ப்ரேட்டர், புதர்வெட்டும் கருவி, பெயின்ட் வேலை என்று அடிக்கடி தேவைப்படுகிறவர்கள் மட்டும் கம்ப்ரசருக்குச் செலவு செய்யலாம்.

ஊற்றைப் பாருங்கள், தொட்டியைப் பிறகு பாருங்கள்

கடைக்குப் போனால் "2 ஹெச்.பி., 24 லிட்டர்" என்று சொல்வார்கள். இந்த இரண்டையும் வைத்து முடிவு செய்யக் கூடாது. கிணற்றை நினைத்துப் பாருங்கள். மோட்டார் எத்தனை ஹெச்.பி. என்பதை விட, கிணற்றில் எவ்வளவு ஊறுகிறது என்பதுதான் முக்கியம். மேல்நிலைத் தொட்டியைப் பெரிதாகக் கட்டிவிட்டால் ஊற்று கூடிவிடாது. கம்ப்ரசரிலும் அப்படித்தான். ஒரு நிமிடத்தில் அது வெளியே தரும் காற்றின் அளவுதான் ஊற்று. இதை சி.எஃப்.எம். என்பார்கள். ஒரு சி.எஃப்.எம். என்பது நிமிடத்துக்குச் சுமார் 28 லிட்டர் காற்று.

பெட்டியில் "8 சி.எஃப்.எம்." என்று அச்சிட்டிருந்தால் அப்படியே நம்ப வேண்டாம். பெரும்பாலும் அது பிஸ்டன் இழுக்கும் காற்றின் கணக்கு. அழுத்தத்தில் வெளியே வருவது அதைவிடக் குறைவு. "எஃப்.ஏ.டி. எவ்வளவு?" என்று கேளுங்கள். வெளியே வரும் உண்மையான காற்றின் அளவைக் கடைக்காரர்கள் அந்தப் பெயரில்தான் சொல்வார்கள்.

பதில் வராவிட்டால் நீங்களே அளந்துவிடலாம். குழாயை மூடிவிட்டு கம்ப்ரசரை ஓடவிடுங்கள். அழுத்தமானி 5 பாரைத் தொடும்போது கைபேசியில் நேரத்தைத் தொடங்கி, 8 பாரில் நிறுத்துங்கள். தொட்டி லிட்டரை 3-ஆல் பெருக்கினால் அந்த நேரத்தில் உள்ளே போன காற்று எத்தனை லிட்டர் என்று வரும். 24 லிட்டர் தொட்டி என்றால் 72 லிட்டர். அதற்கு 45 விநாடி பிடித்தால் நிமிடத்துக்கு 96 லிட்டர். அதாவது ஏறக்குறைய மூன்றரை சி.எஃப்.எம். இந்தச் சோதனைக்கு ஒப்புக்கொள்ளாத கடையில் வாங்க யோசியுங்கள்.

நேரடி வகையா, பெல்ட் வகையா?

விலை குறைவாகக் கிடைப்பவை பெரும்பாலும் மோட்டாரோடு நேரடியாக இணைந்த வகை. நிமிடத்துக்குச் சுமார் 2,800 சுற்று ஓடும். சத்தம் அதிகம், சீக்கிரம் சூடாகும். பத்து நிமிடம் ஓடினால் பத்து நிமிடம் ஓய்வு கொடுப்பது நல்லது. எப்போதாவது காற்றடிக்கவும் தூசி ஊதவும் இது போதும்.

பெல்ட் வகையில் மோட்டார் தனி, பம்பு தனி. பம்பு மெதுவாகச் சுற்றும், சூடு குறைவு, நீண்ட நாள் உழைக்கும். எச்.டி.பி. ஸ்பிரேயர் வைத்திருப்பவர்களுக்கு இதன் பராமரிப்பு புதிதல்ல. ஆயில் அளவு பார்ப்பது, பெல்ட் தொய்வு பார்ப்பது எல்லாம் அதே முறைதான். விலை கூடுதல், தூக்கிச் செல்லவும் முடியாது.

எந்த வகை வாங்கினாலும் வால்வு தகடு, பிஸ்டன் ரிங், பிரஷர் சுவிட்ச் ஆகிய மூன்றும் தேனி, மதுரை, கோவையில் எங்காவது தனியாகக் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். 1960-ல் தொடங்கப்பட்ட எல்ஜி எக்யூப்மென்ட்ஸ் நிறுவனம் இருக்கும் கோவை, கம்ப்ரசர் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். உதிரிபாகம் கிடைக்காத மலிவான இயந்திரம் முதல் பழுதிலேயே பழைய இரும்பாகிவிடும்.

எந்த வேலைக்கு எது?

டயர், ஃபில்டர், கார்ப்ரேட்டர்: 24 லிட்டர் தொட்டியுள்ள நேரடி வகை போதும். காற்றில்லாத ஜீப் டயரை 30 பி.எஸ்.ஐ. வரை நிரப்பச் சுமார் 100 லிட்டர் காற்று வேண்டும். ஒரு நிமிடம் கூடுதலாகப் பொறுத்தால் வேலை முடிந்துவிடும்.

காற்றால் இயங்கும் நட்டு கழற்றும் கருவி: 4 முதல் 5 சி.எஃப்.எம். தேவை. 50 லிட்டர் தொட்டியுள்ள பெல்ட் வகை பொருத்தம். இடையிடையே நிறுத்திச் செய்யும் வேலை என்பதால் தொட்டி ஈடுகொடுக்கும்.

பெயின்ட் அடிப்பது: நிறுத்தாமல் 6 முதல் 8 சி.எஃப்.எம். கேட்கும். 2 ஹெச்.பி. பெல்ட் வகைக்குக் குறைந்து முயல வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறைதான் பெயின்ட் வேலை என்றால், அதற்காகப் பெரிய இயந்திரம் வாங்குவதை விட வாடகைக்கு எடுப்பது லாபம்.

மலைக்கு மேலே வைத்தால்

போடிமெட்டு ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரம். கடல்மட்டத்தை விட அங்கே காற்றழுத்தம் சுமார் 15 சதவீதம் குறைவு. காற்று மெலிதாக இருப்பதால் அதே தொட்டி நிரம்பக் கூடுதல் நேரமாகும். பெட்ரோல் இன்ஜினின் சக்தியும் ஏறக்குறைய அதே அளவு குறையும். எனவே தோட்டத்தில் வைப்பவர்கள் தேவைக்கு மேல் கொஞ்சம் கூடுதல் திறனுள்ளதாக வாங்க வேண்டும்.

மின்னழுத்தத்தையும் கவனிக்க வேண்டும். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180 வந்தால், மோட்டாரின் தொடக்க விசை 40 சதவீதம் போய்விடும். மோட்டார் சுற்றாமல் உறுமும், பிறகு காயில் எரியும். மாலையில், எல்லா வீட்டிலும் விளக்கு எரியும் நேரத்தில், வோல்ட் அளந்து பாருங்கள். மெல்லிய நீட்டிப்பு ஒயரில் ஓட்டக் கூடாது; தூரம் போக வேண்டுமென்றால் காற்றுக் குழாயை நீளமாக்குங்கள். மோட்டார் நிற்கும்போது "புஸ்" என்று சிறிது காற்று வெளியேற வேண்டும். அந்தச் சத்தம் வராவிட்டால் அடுத்த முறை மோட்டார் பாரத்தோடு கிளம்பும். அதையும் கடையிலேயே கவனியுங்கள்.

தொட்டியில் சிக்கனம் வேண்டாம்

காற்றிலுள்ள ஈரம் தொட்டிக்குள் தண்ணீராகச் சேரும். மலையின் பனியிலும் மழையிலும் இது இன்னும் அதிகம். தண்ணீர் தேங்கினால் அடித்தகடு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் பளபளப்பாகவே இருக்கும். ஒருநாள் தொட்டி வெடித்தால் பக்கத்தில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து. வேலை முடிந்ததும் அழுத்தத்தை இறக்கிவிட்டு, அடியிலுள்ள வடிகுழாயைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுங்கள். சேஃப்டி வால்வின் வளையத்தை மாதம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். துளை விழுந்த தொட்டிக்கு வெல்டிங் வைக்கக் கூடாது; மாற்றத்தான் வேண்டும்.

தூசி ஊதும்போது அழுத்தத்தை 30 பி.எஸ்.ஐ.க்குக் குறைத்து, கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். உடம்பிலும் உடையிலும் உள்ள தூசியைக் காற்றடித்துத் தட்டக் கூடாது. சின்னக் காயம் வழியாகக் காற்று தோலுக்குள் புகுந்துவிடும். மருந்து தெளித்த கருவியை மூன்று முறை தண்ணீரில் அலசிய பிறகே ஊத வேண்டும். இல்லாவிட்டால் மருந்துத் துளி முகத்தில் தெறிக்கும். குழந்தைகள் கையில் காற்றுத் துப்பாக்கியைக் கொடுக்கவே கூடாது.

வாசகர் கேள்விகள்

போர்வெல்லில் தண்ணீர் எடுக்கப் பயன்படுத்திய பழைய கம்ப்ரசர் சும்மா கிடக்கிறது. பட்டறைக்கு மாற்றலாமா?

மாற்றலாம், பணமும் மிச்சமாகும். முதலில் ரிங், வால்வு தகடுகளைச் சோதித்து, அந்த பம்பு எவ்வளவு அழுத்தம் வரை தாங்கும் என்று பெயர்ப்பலகையில் பாருங்கள். பிறகு பட்டறைக்கான தொட்டி, பிரஷர் சுவிட்ச், சேஃப்டி வால்வு, காற்று திரும்பாமல் தடுக்கும் வால்வு ஆகியவற்றை அனுபவமுள்ள மெக்கானிக்கைக் கொண்டு பொருத்த வேண்டும். தொட்டியில் தயாரிப்பாளர் பெயர், ஆண்டு, தாங்கும் அழுத்தம் பொறித்த தகடு இருக்க வேண்டும். பழைய கேஸ் சிலிண்டர், டீசல் டிரம் போன்றவற்றைத் தொட்டியாக்கவே கூடாது.

காய்ந்த ஏலக்காயில் ஒட்டியிருக்கும் தூசியைக் கம்ப்ரசர் காற்றால் ஊதலாமா?

வேண்டாம். ஆயில் போடும் கம்ப்ரசரின் காற்றில் எண்ணெய்ப் பிசிறும் ஈரமும் கலந்திருக்கும். போடியிலுள்ள நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையத்தில் காயின் நிறமும் மணமும்தான் விலையைத் தீர்மானிக்கும். எண்ணெய் வாடை ஏறிய காய்க்கு விலை விழும். சல்லடையும் சாதாரண மின்விசிறியும் போதும்.

பழைய கம்ப்ரசர் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. எப்படிச் சோதிப்பது?

முதலில் வடிகுழாயைத் திறந்து பாருங்கள். செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்தால் தொட்டி உள்ளே துருப்பிடித்திருக்கிறது, அதோடு விட்டுவிடலாம். தண்ணீர் தெளிவாக இருந்தால் மேலே சொன்னபடி 5 முதல் 8 பார் வரை நேரம் அளந்து பாருங்கள். பிறகு மோட்டாரை நிறுத்தி அரை மணி நேரம் காத்திருங்கள். முள் கணிசமாக இறங்கினால் இணைப்புகளில் சோப்பு நுரை தடவி எங்கே கசிகிறது என்று பாருங்கள். இணைப்பில் கசிந்தால் சரிசெய்யலாம். தொட்டியின் உடம்பில் கசிந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.