பொன்னை உரசிப் பார்த்த ஊர்

மண்ணையும் நீரையும் மீட்டெடுக்கும் கிராமங்களில் பணம் போட இன்று பலர் முன்வருகிறார்கள். வருமானமும் வேண்டும், ஊருக்கும் நல்லது நடக்க வேண்டும். நடந்ததா என்று சான்று சொல்வது யார்?

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் இந்தக் கேள்வியைப் பத்தாம் நூற்றாண்டிலேயே யோசித்திருக்கிறது. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள் பாடப்புத்தகத்தில் இருப்பவை. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, அதிலிருந்து எடுத்து ஆள் தேர்ந்தெடுப்பது குடவோலை. வாரியம் எனும் ஊர்க் குழுவில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் குடத்தில் விழக் கூடாது என்றது அந்த ஊர்ச் சபை.

அதிகம் பேசப்படாதது, பொன் சோதனைக்கு அதே சபை செய்த ஏற்பாடு. பொன் பார்க்கத் தெரிந்தவர்களைக் குடவோலையில் தேர்ந்தெடுத்தார்கள். மஞ்சாடி எனும் பழைய எடைக் கணக்கில், மாதம் ஏழரை மஞ்சாடிப் பொன் சம்பளம். எல்லோருக்கும் மனம் ஒப்பும்படி உரசிப் பார்க்க வேண்டும். பொன்துகள் ஒட்டிய மெழுகை ஏரி வாரியத்தாரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆண்டு வாரியத்தார் முன் வந்து, குறை இருந்தால் தாங்களே பொறுப்பு என்று சத்தியம் செய்ய வேண்டும். சான்று தருபவரையே சோதிக்கும் இந்த ஏற்பாடு எனக்குப் பெரும் வியப்பு. துகள்கூட ஏரிக்காரர்கள் கைக்குப் போனது! வயிரமேகத் தடாகம் என்ற பெரிய ஏரிதான் ஊரின் உயிர். பொன்னை முதலாக வைத்து, வட்டியில் தூர்வாரும் வழக்கமும் பல்லவர் காலம் தொட்டே இங்கு உண்டு.

இன்றைய இயற்கை வேளாண்மையில் இதற்கு நெருங்கியது பி.ஜி.எஸ். எனும் பங்கேற்புச் சான்று முறை. குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் வயலை மற்றவர் நேரில் பார்த்து ஒப்புதல் தருவார்கள். ஏற்றுமதிக்கு இது செல்லாது. அதற்கு வெளி நிறுவனத்தின் தணிக்கையும் கட்டணமும் உண்டு. பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி கொண்டுவந்த சமூகப் பங்குச் சந்தையிலோ, பணம் திரட்டும் தொண்டு நிறுவனம் ஆண்டுதோறும் தாக்க அறிக்கை தர வேண்டும். சமூகத் தாக்க மதிப்பீட்டாளர் அதைச் சரிபார்ப்பார்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த அறிக்கை முதலீட்டாளரைப் பார்த்தே பேசுகிறது. ஏரிக்கரையில் இருப்பவரிடம் யாரும் அதைப் படித்துக் காட்டுவதில்லை.

பழைய சபையை அப்படியே கொண்டாடவும் முடியாது. சொந்த நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கே அதில் இடம். உழுதவர்களுக்கும் பெண்களுக்கும் இல்லை. இன்றைய கிராம சபையில் வாக்காளர் எல்லோரும் உறுப்பினர். ஊரின் பெயரால் பணம் திரட்டுபவர்கள் தாக்க அறிக்கையைத் தமிழில் எழுதி, அக்டோபர் 2 கிராம சபையில் வாசித்து, அங்கு எழும் ஆட்சேபங்களையும் சேர்த்தே முதலீட்டாளருக்கு அனுப்பட்டும். செபி இதை விதியாகவே ஆக்க வேண்டும்.