அரிசிப் பொதியும் இணையப் பக்கமும்: மாணவர் செயற்றிட்டமொன்று தரும் பாடங்கள்

கமக்காரர் ஒருவர் தமது நெல்லைச் சாக்கிலிட்டு விற்குமிடத்து, அந்நெல் சந்தையை அடைந்ததும் அவருடைய பெயரை இழந்துவிடுகின்றது. பலருடைய நெல்லுடன் அது கலக்கப்படுவதனால், நன்கு உலர்த்தியவரின் உழைப்பும் உலர்த்தாதவரின் கவலையீனமும் வேறுபாடின்றிப் போகின்றன. இக்குறையை நீக்கும் வழிகளுள் ஒன்று, அரிசியைச் சிறு பொதிகளாக்கித் தம் பெயருடன் விற்பதாகும். இவ்வழியிற் செல்ல விரும்புவோர் அறியவேண்டிய சில பாடங்களை, வடிவமைப்புப் பயிலும் மாணவி ஒருவரின் செயற்றிட்டத்தைக் கொண்டு இங்கு விளக்குவோம்.

செயற்றிட்டத்தின் நோக்கம்

இம்மாணவி யாழ்ப்பாணத்துக் கமக்காரக் குடும்பமொன்றைச் சேர்ந்தவர். தந்தையார் காலபோகத்திற் செய்கைபண்ணிய மொட்டைக்கறுப்பன் அரிசிக்கு ஒரு கிலோகிராம் பொதியையும், அதன் வரலாற்றைக் கூறும் இணையப் பக்கத்தையும் ஆக்குவதே அவர் மேற்கொண்ட பணி. இவ்விரண்டையும் இணைப்பது பொதியில் அச்சிடப்படும் கியூ. ஆர். குறியீடாகும். இச்சதுரக் குறியீடு 1994 ஆம் ஆண்டில் யப்பானிய டென்சோ நிறுவனத்தில், மோட்டார் வாகன உதிரிப்பாகங்களை இனங்காணும் பொருட்டு ஆக்கப்பட்டது. கைத்தொலைபேசியின் கமராவை அதன்முன் பிடித்தால், அதிலடங்கிய இணைய முகவரி திறக்கும்.

முதற் பொதியிற் கண்ட குறைகள்

முதலில் ஆக்கப்பட்ட பொதி பார்வைக்கு மிக அழகாயிருந்தது. ஆயினும் மூன்று குறைகள் விரைவில் வெளிப்பட்டன.

(1) அரிசியின் செந்நிறம் தெரியும்படி பொதியின் முன்பக்கம் முழுவதும் கண்ணாடிபோன்ற தாளினால் அமைக்கப்பட்டிருந்தது. செந்நிறம் தவிட்டுப் படையிலேயே உள்ளது. எண்ணெயும் அத்தவிட்டிலேயே உள்ளது. ஒளியும் வெப்பமும் பட்டால் அவ்வெண்ணெய் விரைவிற் பாண்டலடையும். எனவே திறந்த பாகம் சிறிதாக இருத்தல் நன்று.

(2) குறியீடு கபில நிறத் தாளிற் கருஞ்சிவப்பு மையினால், மடிப்பின் குறுக்கே அச்சிடப்பட்டிருந்தது. கைத்தொலைபேசியால் அதனை வாசிக்க முடியவில்லை. குறியீடு வெண்ணிறப் பரப்பிற் கருமையாய், மடிப்பில்லா இடத்தில், சுற்றிலும் வெறுமையான ஓரத்துடன் இருத்தல் வேண்டும்.

(3) சில பொதிகளில் அரிசி பூஞ்சணம் பிடித்தது. காரணம் பொதியன்று, நெல் போதிய அளவு உலராமையே. காற்றுப்புகாத பொதி வெளி ஈரத்தைத் தடுப்பதுபோல, உள்ளீரத்தையும் வெளியேறவிடாது தடுக்கும். குற்றுமுன் நெல்லின் ஈரலிப்பு நூற்றுக்கு 14 பங்கிற்கு மேற்படாதிருத்தல் அவசியம். உலர்த்தும் களத்தில் நேர்ந்த குறையை அச்சகத்திற் சீர்செய்தல் இயலாது.

இணையப் பக்கத்தின் பாடம்

இணையப் பக்கத்தில் வயலின் பெரிய படங்கள் பல இடம்பெற்றமையால், அது திறப்பதற்கு நெடுநேரம் சென்றது. கடையில் நிற்பவர் அவ்வளவு நேரம் காத்திரார். அவர் அறிய விரும்புபவை எந்த நெல், எங்கே விளைந்தது, எப்பொழுது அறுக்கப்பட்டது, எப்பொழுது குற்றப்பட்டது என்பனவே. ஆதலால் இவற்றை முதலிலும் படங்களைப் பின்னரும் வைக்குமாறு பக்கம் திருத்தப்பட்டது.

இதனினும் பெரிய திருத்தத்தைச் செய்தவர் மாணவியின் தந்தையாரே. பக்கத்தில் "இரசாயனப் பசளை இடப்படாதது" என எழுதப்பட்டிருந்தது. அதனை வாசித்த அவர், தாம் அப்போகத்தில் இருமுறை யூரியா இட்டதைக் கூறி, அவ்வசனத்தை நீக்கச் சொன்னார். அவ்வசனம் இருந்தால் கூடிய விலை கிடைக்கும் என்று மகள் எடுத்துரைத்தபோதும் அவர் இசையவில்லை. பக்கத்துக் காணிக்காரர் கண்டதை இணையம் மறைக்காது என்பது அவர் விடை. இப்பொழுது அவ்விடத்தில் யூரியா இட்ட திகதிகள் இரண்டும் உள்ளன. செயற்றிட்டம் முழுவதிலும் சிறந்த பகுதி இதுவேயென நாம் கருதுகின்றோம். பொதி என்பது ஒரு வாக்குறுதி. பக்கம் அவ்வாக்குறுதிக்குச் சாட்சி. சாட்சி பொய்த்தால், ஒரு பொதியன்று, குடும்பத்தின் பெயரே கெடும்.

கமக்காரர் கவனிக்கவேண்டியவை

விதைப்பு, பசளையிடல், மருந்து தெளித்தல், அறுவடை ஆகியவற்றின் திகதிகளை ஒரு கொப்பியில் அன்றன்றே குறித்துவைத்தல் வேண்டும். இக்கொப்பியின்றி எவராலும் உண்மையான பக்கம் எழுத இயலாது.

ஒவ்வொரு முறை குற்றிய அரிசிக்கும் தனித் தொகுதி இலக்கம் இடுக. அவ்விலக்கத்தைச் சிறு ஒட்டுத்தாளில் எழுதினால், அச்சடித்த பொதிகள் வீணாகா.

இணைய முகவரி குறித்த காலத்திற்கே பதிவுசெய்யப்படும். அதனைப் புதுப்பிக்கத் தவறின், விற்ற பொதிகளிலுள்ள குறியீடு பயனற்றதாகும். ஆதலால் முகவரியும் தொலைபேசி இலக்கமும் பொதியிலேயே அச்சிடப்படல் வேண்டும்.

பொதியிற் குறிப்பிடவேண்டிய விபரங்கள் 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் விதிக்கப்படுகின்றன. அச்சிடுமுன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அவற்றைக் கேட்டறிக.

மரக்கறி செய்கைபண்ணுவோர் ஒரு வேறுபாட்டை மனத்திற்கொள்க. பறித்த பின்னரும் மரக்கறி சுவாசிக்கின்றது. துவாரமற்ற பையிலிட்டால் நீர் வியர்த்து அழுகும். ஆகவே அரிசிக்கு ஏற்ற பொதி கத்தரிக்கும் தக்காளிக்கும் ஏற்றதன்று.

அழகிய பொதியை வடிவமைப்பவர் ஆக்கித்தருவார். இணையப் பக்கத்தையும் அவ்வாறே பெறலாம். ஆனால் அவற்றில் எழுதத்தக்க உண்மையை வயலிலும் களத்திலும் ஆக்குபவர் கமக்காரரே. முதலில் நெல்லை நன்கு உலர்த்துக. அடுத்துக் கொப்பியை ஒழுங்காக எழுதுக. அதன் பின்னரே அச்சகத்தை நாடுக.