இயல்பளவு யாருடையது? பிசியோதெரபி அட்டையில் எழுதப்படும் எண்கள்

பிசியோதெரபி என்று பரவலாக அறியப்படும் இயன்முறைச் சிகிச்சையில், பயிற்சி தொடங்குவதற்கு முன்னர் நோயாளியின் மூட்டு எவ்வளவு மடங்குகிறது, தசை எவ்வளவு வலுவுடன் இயங்குகிறது, உடல் தள்ளாடாமல் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பன அளக்கப்பட்டு எண்களாகக் குறிக்கப்படுகின்றன. அந்த எண்கள் தாமாக எதையும் உணர்த்துவதில்லை. நலமாக உள்ளோர் பலரிடம் எடுக்கப்பட்ட அளவுகளோடு, அதாவது இயல்பளவுகளோடு, ஒப்பிடப்படும்போதே அவற்றுக்குப் பொருள் பிறக்கிறது. அவ்வாறு அளக்கப்பட்டோர் எந்த நாட்டவர், என்ன வயதினர், என்ன தொழில் செய்தவர் என்ற கேள்வி, மலேசியாவில் உள்ள பேராக் மாநிலத்தின் பால்மரத் (ரப்பர்) தோட்டங்களில் உழைத்து, தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிய பின்னர் புந்தோங், சுங்கை சிப்புட், பத்து காஜா போன்ற இடங்களில் முதுமையைக் கழிக்கும் தமிழர்களுக்கு நேரடியான பயனுடையது.

இவ்வளவுகோல்களுள் பழமை வாய்ந்ததும் பரவலாகக் கையாளப்படுவதும் தசை வலிமைக்கான தரவரிசையாகும். இளம்பிள்ளை வாதம் குழந்தைகளை முடக்கிவந்த 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த எலும்பு அறுவை மருத்துவர் ராபர்ட் லவட்டும் அவருடன் பணியாற்றிய வில்ஹெல்மின் ரைட்டும், செயலிழந்த காலில் எந்தத் தசையில் எவ்வளவு வலு எஞ்சியிருக்கிறது என்பதைக் கருவியின்றி அறிய, புவியீர்ப்பையே எடைக்கல்லாகக் கொள்ளும் ஒரு முறையை வகுத்தனர். அதே அடிப்படையில், இரண்டாம் உலகப் போரில் நரம்புக் காயமுற்றோரைச் சோதிப்பதற்காகப் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 1943இல் வெளியிட்ட கையேட்டின் 0 முதல் 5 வரையான வரிசையே இன்று உலகெங்கும் வழக்கில் உள்ளது. தசை சற்றும் சுருங்காவிட்டால் 0. சுருங்குவது தெரிந்தும் மூட்டு அசையாவிட்டால் 1. உறுப்பின் எடையைத் தாங்கிக் கொடுத்தால் மட்டும் அசையுமானால் 2. புவியீர்ப்பை எதிர்த்துத் தானே உயருமானால் 3. சிகிச்சையாளர் கையால் கொடுக்கும் எதிர்ப்பை ஓரளவு வெல்லுமானால் 4. முழு எதிர்ப்பையும் தாங்குமானால் 5.

இந்த எண்கள் வரிசையைக் காட்டுவனவே தவிர அளவைக் காட்டுவன அல்ல. 4 என்பது 2இன் இருமடங்கு வலிமை என்று கொள்வது பிழையாகும். ஒரு தசையின் மொத்த வலிமையில் மிகப் பெரும் பகுதி 4 என்னும் ஒரே படிக்குள் அடங்கிவிடுவதால், வாரக்கணக்கில் பயிற்சி செய்து உண்மையாகவே முன்னேறிய ஒருவரின் அட்டையில் அதே 4 மாறாமல் நிற்கக்கூடும். மேலும், பல ஆண்டுகள் பால்மரம் வெட்டும் உளி பிடித்தும் பால் வாளிகளைக் காண்டா என்னும் தோள்கம்பில் சுமந்தும் உரமேறிய உடலில் கணிசமான வலு குறைந்த பின்னரும், சிகிச்சையாளரின் கையை வெல்லப் போதுமான வலு மிஞ்சியிருந்தால் 5 என்ற தரமே கிடைக்கும். இதனாலேயே, ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்பட்டவரிடம் மறுபக்கத்தையும் சோதித்து இரண்டையும் ஒப்பிடுவது நல்ல சிகிச்சையாளரின் வழக்கமாக இருக்கிறது.

எண் ஏறினால் நலம் என்று எல்லா அளவுகோல்களிலும் கொள்ள இயலாது. பக்கவாதத்துக்குப் பின் கைகால்களில் ஏற்படும் விறைப்பை அளக்க, 1964இல் ஆஷ்வர்த் உருவாக்கி 1987இல் போஹனன், ஸ்மித் ஆகியோர் திருத்திய வரிசையில் 0 என்பது விறைப்பு இல்லாத நிலையையும், 4 என்பது மடக்கவோ நீட்டவோ இயலாதபடி இறுகிய நிலையையும் குறிக்கும். வலியை 0 முதல் 10 வரை நோயாளியே மதிப்பிடும் முறையிலும் குறைந்த எண்ணே நல்லது. ஆகவே, அட்டையைப் பார்க்கும் குடும்பத்தினர் எந்த அளவுகோலின் எண் அது என்பதை முதலில் கேட்டறிவது அவசியமாகிறது.

மூட்டுகளின் அசைவு, இரண்டு கைகள் கொண்ட கோணமானியை மூட்டின்மேல் பொருத்திப் பாகைகளில் அளக்கப்படுகிறது. அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர் கழகம் 1965இல் வெளியிட்ட கையேட்டின் வழி வந்த பட்டியல்களில், முழங்கால் மடங்குவதற்கு ஏறத்தாழ 135 பாகையும், இடுப்பு மூட்டு மடங்குவதற்கு 120 பாகையும், தோளை மேலே உயர்த்துவதற்கு 180 பாகையும் இயல்பு எனக் குறிக்கப்படுகின்றன. சமதரையில் நடக்க முழங்கால் 60 முதல் 70 பாகை வரை மடங்கினால் போதும். நாற்காலியிலிருந்து எழ ஏறத்தாழ 90 பாகை வேண்டும். ஆனால் ஆசியாவிலும் மத்திய கிழக்கிலும் வழக்கமான குந்துதல், சம்மணமிடுதல், மண்டியிடுதல் ஆகியவற்றை ஆராய்ந்து 2001இல் வெளியான கட்டுரை ஒன்று, அவற்றுக்கு முழங்கால் 111 முதல் 165 பாகை வரையிலும் இடுப்பு மூட்டு 130 பாகை வரையிலும் மடங்க வேண்டியிருப்பதாகக் கணக்கிட்டது.

இந்த வேறுபாடு பால்மரம் வெட்டியவர்களின் வாழ்வில் கண்கூடானது. மரத்தின் அடிப்பட்டையில் கோடு இழுக்கவும் மங்கு என்னும் கிண்ணத்திலிருந்து பாலெடுக்கவும் ஒவ்வொரு மரத்தின் அடியிலும் குனிந்தும் குந்தியும் எழுந்தவர்களுக்கு 135 பாகை என்பது உச்சமன்று, இடைநிலையே. முழங்கால் மாற்று அறுவைக்குப் பின் 115 பாகை மடங்கும் கால், நாற்காலியும் மேசையும் உள்ள வாழ்க்கைக்குப் போதுமானது என்பதால் வெற்றியாகக் கருதப்படலாம்; குந்தும் கழிவறையைப் பயன்படுத்துபவருக்கும் கோயில் பந்தியில் தரையில் அமர விரும்புபவருக்கும் அதே 115 குறையாக இருக்கலாம். பட்டியலில் உள்ள பாகையோடு, நோயாளி எந்தச் செயலுக்குத் திரும்ப விரும்புகிறார் என்பதும் அட்டையில் இடம்பெற வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

கைப்பிடி வலிமை, டைனமோமீட்டர் என்னும் கருவியை அழுத்தச் செய்து கிலோகிராமில் அளக்கப்படுகிறது. மலேசியரிடம் இவ்வாறு அளந்து 2006இல் வெளியான ஆய்வு, அவர்களின் சராசரி மேலைநாட்டாரின் சராசரியைவிடக் குறைவு என்று காட்டியது. முதுமையில் தசை அளவும் வலுவும் குன்றும் சார்கோபீனியா என்னும் நிலையைக் கண்டறிய, மலேசியாவும் இடம்பெற்ற ஆசியப் பணிக்குழு 2014இல் ஆண்களுக்கு 26 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் குறைந்த பிடியைப் பலவீனம் என வரையறுத்தது. 2019இல் ஆண்களுக்கான எல்லை 28 ஆக உயர்த்தப்பட்டது. ஐரோப்பியக் குழுவின் எல்லையோ ஆண்களுக்கு 27, பெண்களுக்கு 16. எனவே 17 கிலோ பிடியுள்ள ஒரு மூதாட்டி ஆசிய அளவில் பலவீனர், ஐரோப்பிய அளவில் அவ்வாறல்லர். 27 கிலோ பிடியுள்ள முதியவர் 2014இன் கணக்கில் தேறியவர், 2019இன் கணக்கில் தேறாதவர். கை மாறவில்லை, கோடுதான் மாறியது. 2014ஆம் ஆண்டுக் குழுவில் சீனா, ஜப்பான், கொரியா, தாய்லாந்து முதலிய நாடுகளின் ஆய்வாளர்கள் இருந்தனரேயன்றி, இந்தியாவும் இலங்கையும் இடம்பெறவில்லை என்பதும் மலேசியத் தமிழர் கருத்தில் கொள்ளத்தக்கது.

விழும் அபாயத்தை அறியும் சோதனைகள் எளியவை. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பிவந்து அமர ஆகும் நேரத்தைக் கணக்கிடும் சோதனை 1991இல் அறிமுகமானது. 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் எச்சரிக்கை தேவை என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையங்களின் வழிகாட்டல். கனடாவில் கேதரின் பெர்க் உருவாக்கிய சமநிலை அளவுகோலில் 14 செயல்களுக்குத் தலா 4 வீதம் மொத்தம் 56 புள்ளிகள் உண்டு. 45க்குக் கீழ் இறங்குவது விழும் வாய்ப்பு மிகுந்திருப்பதைக் காட்டுவதாகக் கொள்ளப்படுகிறது. கைகளைப் பயன்படுத்தாமல் ஐந்து முறை எழுந்து அமர 12 வினாடியோ அதற்கு மேலோ ஆவதும், நடை வேகம் வினாடிக்கு 1 மீட்டருக்குக் குறைவதும் 2019ஆம் ஆண்டு ஆசிய வரையறையின்படி உடல் திறன் குன்றியதற்கான அடையாளங்களாகும்.

நீரிழிவு மலிந்த சமூகத்தில் பாதத்தின் உணர்ச்சியை அளப்பது இவை அனைத்தினும் அவசரமானது. 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வு மலேசியாவில் வயதுவந்தோருள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. முக்கிய இனங்களுள் இந்தியரிடமே அது மிகுதி. 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் அழுத்தும்போது அதை உணராதவர், முள் குத்தியதையும் செருப்புக் கடித்ததையும் உணரமாட்டார். உணர்ச்சியிழப்பே புண்ணுக்குக் காரணம் என்னும் உண்மையை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளிடம் கண்டுணர்ந்த மருத்துவர் பால் பிராண்டு, பின்னர் அமெரிக்காவில் நீரிழிவுப் பாதங்களுக்கும் அதே பாடத்தைப் பொருத்தினார். இச்சோதனையில் தேறாதவர், ஈப்போ கல்லுமலைக் கோயிலின் தைப்பூசத்தில் சுடும் தார்ச்சாலையில் வெறுங்காலுடன் நடப்பதற்கு முன் மருத்துவரைக் கலந்தாலோசிக்க வேண்டும்.

அளக்கும் கையிலும் பிழை உண்டு. கோணமானி அளவில் ஏறத்தாழ 5 பாகை வேறுபாடு அளப்பவரால் மட்டுமே நேரக்கூடும் என்பதால், சென்ற மாதத்தைவிட 3 பாகை கூடியதை முன்னேற்றம் என்றோ குறைந்ததைப் பின்னடைவு என்றோ சொல்ல இயலாது. ஒரே சிகிச்சையாளர், ஒரே நிலையில், ஒரே முறையில் மீண்டும் மீண்டும் எடுத்த அளவுகளே நம்பத்தக்கவை. அந்த வகையில் ஒருவருடைய சொந்தப் பழைய அளவுகள், அயலாரிடம் எடுத்த எந்தப் பட்டியலைக் காட்டிலும் நெருக்கமான துணையாகின்றன.

பேராக்கின் மருத்துவமனைகளுக்குப் பெற்றோரையும் தாத்தா பாட்டியையும் அழைத்துச் செல்வோர், அட்டையில் உள்ள எண் என்ன, அது யாருடைய அளவோடு ஒப்பிடப்பட்டது, சென்ற முறை எவ்வளவு இருந்தது என்று தயங்காமல் கேட்டு, விடையைத் தேதியுடன் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும். அம்முதியோர் தோட்டத்தில் என்ன வேலை செய்தார்கள், வீட்டில் எப்படி அமர்கிறார்கள், எதை மீண்டும் செய்ய விரும்புகிறார்கள் என்பதையும் சிகிச்சையாளரிடம் தாமே எடுத்துரைக்க வேண்டும். இவை தெரியாமல் வகுக்கப்படும் பயிற்சி, பட்டியலில் உள்ள எண்ணை எட்டலாமே தவிர, நோயாளிக்கு வேண்டிய அசைவைத் தருமென்று சொல்ல முடியாது.