நீருள் மறைந்த ஊரும் நெடும் பெயரும்

மாணவர்க்குப் பகுபத இலக்கணங் கற்பிக்கும் என் போன்றோர்க்கு எப்பெயரைக் கண்டாலும் பிரித்துப் பார்க்கும் வழக்கம் விடாது. அண்மையில் யான் அவ்வாறு பிரித்தது, ஐக்கிய அமெரிக்க அரசின் பதிவேட்டிலுள்ள ஒரு சிறு பழங்குடியின் பெயராகும். கலிபோர்ணியாவின் தென்கோடியில், சான் டியேகோ நகர்க்குக் கிழக்கேயுள்ள மலைகளிடை வாழும் குமெயாய் மக்களுள் ஒரு பிரிவினர் இவர். ஏட்டிலே இவர் பெயர் சில வரிகளுக்கு நீள்கின்றது. வியப்பு யாதெனில், அந்நெடும் பெயரில் 'குமெயாய்' என்னுஞ் சொல் ஓரிடத்தேனும் இல்லை!

'டியேகேனியோ மிஷன் இந்தியர்' என்பது ஒரு பகுதி. ஸ்பானியப் பாதிரிமார் 1769 இல் நிறுவிய சான் டியேகோ மிஷனால் வந்தது அது. அம்மிஷனை 1775 இல் தீக்கிரையாக்கியவர் குமெயாய் மக்களே. எரித்தவர் மீது எரிந்ததன் பெயரே ஒட்டிக்கொண்டது.

இன்னொரு பகுதி 'கப்பிட்டான் கிராண்டே'. ஸ்பானிய மொழியிற் 'பெருந்தலைவன்' என்று பொருள்படும் இது, இவர் வாழ்ந்த ஊரின் பெயர். சான் டியேகோ ஆறு பாயும் அப்பள்ளத்தாக்கினை 1875 இல் ஜனாதிபதி கிராண்ட் இவர்க்கென ஒதுக்கினார். (கிராண்டும் கிராண்டேயும் வேறு வேறு, ஒலியொப்புமை கண்டு மயங்கற்க.) பயிர் செய்தற்குரிய நிலமும் நீரும் ஆற்றங்கரையிலேயே இருந்தன. வளர்ந்துவந்த நகரமோ நீர் வேட்கை கொண்டது. நகரம் அங்கு நீர்த்தேக்கம் அமைக்க 1919 இல் காங்கிரஸ் சட்டமியற்றி இடங்கொடுத்தது. எல் கப்பிட்டான் அணை 1934 இல் நிறைவுற்றது. பள்ளத்தாக்கு நீருள் மூழ்கியது.

நிலத்துக்கெனக் கிடைத்த பணத்தைக் கொண்டு ஒரு சாரார் 1932 இல் பரோனாவிலும், மற்றொரு சாரார் 1934 இல் வியேகாஸிலும் நிலம் பெற்றுக் குடியேறினர். 'பரோனா' என்பதும் ஒரு பாதிரியார் பெயர். வியேகாஸ் நிலமோ பாரன் லோங் என்னுஞ் செல்வரது பண்ணை. அதனால் அப்பிரிவினரின் அரச பெயரில், அடைப்புக்குறிக்குள், 'பாரன் லோங்' என்பதும் இடம்பெற்றுவிட்டது. நிலத்தை விற்றவர் பெயர் வாங்கியவர் தலைமேல் ஏறிய கதையை யான் வேறெங்குங் கேட்டிலேன்.

மூழ்காது எஞ்சிய கப்பிட்டான் கிராண்டே 15,000 ஏக்கருக்கு மேற்பட்டது. இரு பிரிவார்க்கும் பொதுவுடைமை. ஆயினும் அங்கே குடியிருப்பார் ஒருவருமிலர். ஆள் வாழும் இரண்டு ஊர்களும் தனித்தனிப் பெயர் பெற்றிருந்தும், ஆளில்லாத ஊரின் பெயரையே இரு சாராரும் தம் பெயருக்கு முதலாக வைத்துள்ளனர். ஏட்டெழுத்தாளர் வழக்கம் என்று இதனைத் தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை.

பரோனாவில் இன்று ஓர் அருங்காட்சியகம் உளது. அம்மக்கள் மொழிக்கு 2008 இல் அது ஓர் அகராதி வெளியிட்டது. வடபாற் குமெயாய் மக்கள் தம்மை 'ஈபாய்' என்பர். பாதிரியும் பண்ணையாரும் புகாத சொல் அது. பொருள், 'மக்கள்' என்பதே.