எட்ட நின்றால் ராஜா

'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' விளையாட்டின் ஒரே இந்தியர் தால்சிம். நீளும் கைதான் அவருடைய ஆயுதம். அவருக்கு ஆபத்து வருவதும் அந்தக் கை வழியாகத்தான்.

மழித்த தலை, ஒட்டிய வயிறு, கழுத்தில் மண்டையோட்டு மாலை. பின்னணியில் வரிசையாக யானைகள். எதிரி திரையின் மறுகோடியில் நிற்கிறார். ஆனால் தால்சிம் அவரை நோக்கி ஓர் அடிகூட எடுத்து வைப்பதில்லை. நின்ற இடத்திலிருந்தே கையை வீசுகிறார். கை ரப்பர் போல நீண்டுபோய் எதிரியின் முகத்தில் குத்திவிட்டுத் திரும்புகிறது.

ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1991-ல் வெளியிட்ட 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2', இருவர் மோதும் வீடியோ விளையாட்டுகளுக்கு இலக்கணம் வகுத்தது. மூன்று குத்து பட்டன்கள், மூன்று உதை பட்டன்கள், ஒரு ஜாய்ஸ்டிக். மூன்று சுற்றுகளில் இரண்டை வென்றவருக்கு வெற்றி. ஆட்டக்காரர் தேர்ந்தெடுக்கக்கூடிய வீரர்கள் எட்டுப் பேர். ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் இரண்டிரண்டு பேர். சீனா, பிரேசில், சோவியத் யூனியன், இந்தியாவுக்குத் தலா ஒருவர்.

நம் நாட்டுக்காரர் என்ற பாசத்தில் தால்சிமைத் தேர்ந்தெடுக்கும் புதியவர் முதல் சில ஆட்டங்களிலேயே நொந்துபோவார். ரியூவையும் கென்னையும் வைத்துக்கொண்டு பட்டன்களைத் தாறுமாறாகத் தட்டினால்கூடச் சில நேரம் ஜெயிக்கலாம். தால்சிமிடம் அது பலிக்காது. ஆனால் பல ஆண்டுகள் ஆடித் தேர்ந்தவர்களின் தரவரிசையைப் பார்த்தால் கதை வேறு. முதல் பதிப்பிலும் சரி, 1994-ல் வந்த 'சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போ' பதிப்பிலும் சரி, தால்சிமுக்கு முன்வரிசையில் இடம் உண்டு. புதியவருக்கு இத்தனை பலவீனமாகவும் தேர்ந்தவருக்கு இத்தனை பலமாகவும் ஒரே வீரர் எப்படி இருக்க முடியும்?

தூரமே பலம்

மற்ற வீரர்கள் அடிக்க வேண்டுமானால் நெருங்கியாக வேண்டும். தால்சிமுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு நீளம், ஒரு திசை. உட்கார்ந்தபடி விடும் குத்துகள் தரையையொட்டி நீள்கின்றன. நின்றபடி விடும் உதைகளில் சில சாய்வாக மேலே போய், தாவி வருபவரை ஆகாயத்திலேயே தடுக்கின்றன.

இத்துடன் வாயிலிருந்து புறப்படும் நெருப்புப் பந்தான 'யோகா ஃபயர்'. பக்கத்தில் இருப்பவரைச் சுட்டெரிக்கும் தீ நாக்கு 'யோகா ஃபிளேம்'. இரண்டையும் எதிரி தடுத்துக்கொண்டாலும் அவருடைய பலம் கொஞ்சம் குறையும். எதிரி நெருப்பு ஏவினால் தால்சிம் தரையோடு சறுக்கி அதன் அடியில் புகுந்துவிடுவார். 1992 டிசம்பரில் வந்த 'டர்போ' பதிப்பில் இன்னொரு வித்தையும் சேர்ந்தது. ஜாய்ஸ்டிக்கை உரியபடி அசைத்து மூன்று குத்து பட்டன்களையோ மூன்று உதை பட்டன்களையோ ஒருசேர அழுத்தினால், நின்ற இடத்தில் மறைந்து வேறிடத்தில் தோன்றுவார்.

இந்தப் பலம் முழுமையாகத் தெரிவது சோவியத் மல்யுத்த வீரர் சாங்கியெஃபுடன் மோதும்போதுதான். தூக்கிச் சுழற்றித் தலைகீழாகத் தரையில் குத்துவது சாங்கியெஃபின் பிரம்மாஸ்திரம். ஆனால் அதற்குக் கை எட்டும் தூரத்தில் ஆள் வேண்டும். தால்சிம் நெருப்பை விட்டால் அவர் தாவுகிறார், தாவினால் உதை. தரையில் நடந்து வந்தால் குத்து. மலை போன்ற மனிதர் ஒவ்வோர் அடியாக முன்னேறி, ஒவ்வோர் அடிக்கும் விலை கொடுக்கிறார்.

நெருங்கினால் நெருக்கடி

ஆனால் அந்த மலை ஒரு முறை கிட்டே வந்துவிட்டால் கணக்கு தலைகீழாகிவிடும். தால்சிம் ஒரு குத்தில் எடுக்கும் பலம் சொற்பம். பத்து முறை சரியாகக் கணித்துச் சேர்த்ததை ஒரே தவறில் இழந்துவிடலாம்.

அவருடைய குறைகளின் பட்டியல் நீளமானது. நடை மெதுவானது. தாவினால் பஞ்சு போல மிதந்து இறங்குவார். எங்கே இறங்கப்போகிறார் என்று யோசித்து அடிக்க எதிரிக்குத் தாராளமாக நேரம் கிடைக்கும். கீழே விழுந்து எழும்போது மேலே பாய்பவரைத் தள்ளிவிட, ரியூவின் 'ஷோர்யுகென்' போன்ற எழும்பு குத்து அவரிடம் இல்லை. பக்கத்தில் நிற்பவரைப் பிடித்துத் தலையில் தொடர்ந்து குத்தும் பிடி ஒன்று உண்டு. அதற்கும் முந்திக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை அந்த நீண்ட கையிலேயே இருக்கிறது. கை நீளும்போது உடலும் நீள்கிறது. நீண்டு நிற்கும் கையை எதிரி குத்தினால், தூரத்தில் நிற்கும் தால்சிமுக்கே அடி. நீட்டிய கையை மடக்கவும் நேரமாகிறது. அந்த நேரத்தில் எதிரி தலைக்கு மேல் தாவியிருந்தால் தால்சிம் வெட்டவெளியில் நிற்கிறார். தவறான நேரத்தில் நீட்டிய ஒரு கை ஒரு சுற்றையே பறித்துக்கொள்ளும்.

எனவே தால்சிமை ஆடுபவருக்கு விரல் வேகம் மட்டும் போதாது. கண்ணும் கணிப்பும் வேண்டும். எதிரி அடுத்து நடப்பாரா, தாவுவாரா, நெருப்பு விடுவாரா என்று முன்கூட்டியே யோசித்து, அதற்கேற்ற பட்டனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கோபத்தில் முன்னேறினால் தோல்வி நிச்சயம்.

யோகியா, கேலிச்சித்திரமா?

விளையாட்டுக்கு வெளியே இன்னொரு கேள்வி இருக்கிறது. நெருப்பு கக்கி, மண்டையோடு அணிந்து, யானைகளுக்கு முன்னால் நிற்கும் இவர் எந்த ஊர் இந்தியர்? அன்னிய நாட்டுக் கற்பனையில் உறைந்துபோன இந்தியா இது என்ற விமரிசனத்தில் நியாயம் உண்டு. அரைத் துணி உடுத்திய சாமியாரும் யானையும் சேர்ந்தால் இந்தியா தயார் என்பது ஓவியரின் சோம்பேறித்தனம். ஆனால் இந்த விளையாட்டு யாரையும் விட்டுவைக்கவில்லை. ஜப்பானியர் ஹோண்டா ஒரு சுமோ வீரர். பிரேசில்காரர் பிளாங்கா மின்சாரம் பாய்ச்சும் பச்சை நிறப் பிராணி.

கேப்காம் எழுதிய கதை, ஓவியத்தைவிடக் கொஞ்சம் கருணையானது. தால்சிம் சண்டையை வெறுப்பவர். ஏழை மக்களுக்குப் பணம் திரட்டவே களமிறங்குகிறார். கழுத்தில் தொங்கும் மண்டையோடுகள் கொள்ளைநோயில் இறந்த கிராமத்துக் குழந்தைகளுடையவை.

நீளும் கைக்கும் மரபில் ஒரு தூரத்துச் சொந்தம் உண்டு. பதஞ்சலியின் யோக சூத்திரம் மூன்றாம் பகுதியில் சித்திகளைப் பேசுகிறது. அதற்கு உரை எழுதிய வியாசர், 'பிராப்தி' என்ற சித்திக்குத் தரும் விளக்கம், விரல் நுனியால் நிலவைத் தொடுவது. சித்திகள் சமாதிக்குத் தடைகள் என்று பதஞ்சலி எச்சரிக்கவும் செய்கிறார். கையை நீட்டுவதில் மயங்கித் தோற்றுப்போகும் தால்சிம் ஆட்டக்காரர்களுக்கு அந்த எச்சரிக்கை வேறு விதத்தில் பொருந்தும்.

சினிமாவில் தால்சிம் ஒருவிதமாகத் தப்பித்தார். 1994-ல் ஹாலிவுட்டில் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' படத்தில் அவர் விஞ்ஞானியாக மாறினார். வேடமேற்றவர் ரோஷன் சேத். அட்டன்பரோவின் 'காந்தி'யில் நேருவாக நடித்தவர். யோகி போய் விஞ்ஞானி வந்தார். ஆனால் படத்தில் காணாமல்போனது, ஆட்டக்காரர்கள் மதிக்கும் தால்சிம்தான்.

ஏனெனில் அவருக்கு மரியாதை வாங்கித் தந்தது ஓவியமும் அல்ல, கதையும் அல்ல, ஆட்டத்தின் விதிகள். 1996-ல் கலிபோர்னியாவின் சன்னிவேலில் சிறிய அளவில் தொடங்கிய போட்டி, பின்னாளில் 'ஈவோ' என்ற உலகப் போட்டியாக வளர்ந்தது. அந்த முதல் போட்டியில் ஆடப்பட்ட விளையாட்டுகளில் ஒன்று 'சூப்பர் டர்போ'. பழைய பதிப்புகளைத் தொகுத்து கேப்காம் 2018-ல் மீண்டும் வெளியிட்டது. அவற்றில் தால்சிமின் பழைய பலமும் பழைய பலவீனமும் அப்படியே இருக்கின்றன.

2023-ல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6'-லும் தொடக்கப் பட்டியலிலேயே தால்சிமுக்கு இடம் கிடைத்தது. இப்போது தாடியும் தலைப்பாகையும் சேர்ந்திருக்கின்றன. கை இன்னும் நீள்கிறது. நடை மட்டும் இன்னும் மெதுவாகத்தான்.