'போ' என்றால் மரியாதை

ஜித்தாவில் வேலை செய்த காலத்தில், பிலிப்பைன்ஸ் பொடியன் ஒருவன் தன் நாட்டுக்காரரான மூத்த போர்மனிடம் "சலாமத் போ, கூயா" என்றான். பெரியவரைப் 'போ' என்கிறானே என்று அவனை ஏசிவிட்டேன்.

பிறகுதான் விளங்கியது. தகாலோக் மொழியில் 'போ' மரியாதைச் சொல். 'சலாமத்' என்றால் நன்றி. அதன் மூலம் அரபு. 'கூயா' எங்கட நானா, 'ஆத்தே' ராத்தா. இரண்டும் ஹொக்கியன் சீனத்திலிருந்து வந்தவை. இரண்டாவது நானா 'தீக்கோ', மூன்றாமவர் 'சங்கோ'. சொந்தமில்லாத மூத்தவரையும் கூயா, ஆத்தே என்றே கூப்பிடுவார்கள். வீட்டுப் பெரியவரின் கையைத் தம் நெற்றியில் வைத்து, 'மானோ போ' என்று ஆசி கேட்பார்கள்.

அடுத்த நாள் அந்தப் பொடியனிடம் மாப்புக் கேட்டேன். "ஓகே போ, கூயா" என்றான்.