சுருக்கிய உரையைத் திறத்தல்: ஸோர்க் கோப்பும் மொழிபெயர்ப்பாளரும்

கணிப்பொறி விளையாட்டொன்றை மொழிபெயர்க்க முற்படுபவர் முதலில் எதிர்கொள்வது மொழிச் சிக்கலன்று. உரை எங்கே உள்ளது என்னும் சிக்கலே. இன்ஃபோகாம் நிறுவனம் உருவாக்கி 1980-இல் வெளிவந்த ஸோர்க், படங்களே இல்லாத, முற்றிலும் எழுத்தாலான விளையாட்டு. ஆயினும் அதன் கோப்பைச் சாதாரணப் பதிப்பானில் திறந்தால் படிக்கத்தக்க ஆங்கிலச் சொல் ஒன்றும் தென்படாது.

காரணம் குறியேற்ற முறையில் உள்ளது. பரவலாக வழங்கிய 3-ஆம் பதிப்பு வடிவத்தில் ஒவ்வொரு 2 பைட்டிலும் 5 பிட் அளவுள்ள 3 அலகுகள் அடைக்கப்படுகின்றன. எஞ்சும் 1 பிட் தொடரின் முடிவைக் காட்டும். சிற்றெழுத்து ஓர் அலகு பெறும். பேரெழுத்துக்கும் எண்ணுக்கும் முன்னே மாற்றுக்குறி வேண்டுவதால் 2 அலகுகள். அட்டவணையில் இடம்பெறாத எழுத்துக்கு 4. இவற்றுக்கு மேல், அடிக்கடி வரும் 96 தொடர்கள் தனியே சேமிக்கப்பட்டு, வருமிடந்தோறும் 2 அலகுகளால் சுட்டப்படுகின்றன. ஆங்கிலத்தின் எழுத்து வருகை விகிதமே இங்குக் கோப்பின் அமைப்பாக மாறியுள்ளது எனலாம்.

திறப்பது எளிது, திருத்துவது அரிது. கட்டளைகளுக்கிடையே பதிந்த தொடர் நீண்டால் அடுத்துள்ள கட்டளைகள் இடம்பெயர்ந்து நிரல் குலையும். எனவே அங்கு மொழிபெயர்ப்பு மூலத்தின் நீளத்தை மீறலாகாது. முகவரியால் சுட்டப்படும் தொடரையோ கோப்பின் இறுதியில் புதிதாக எழுதி முகவரியை மாற்றிவிடலாம். அப்போதும் தொடர் இரட்டைப்படை முகவரியில் தொடங்க வேண்டும். கோப்பு 128 கிலோபைட்டைத் தாண்டக்கூடாது. தலைப்பகுதியிலுள்ள நீளத்தையும் சரிபார்ப்புக் கூட்டுத்தொகையையும் திருத்துவது இறுதி வேலை. சேமித்த 96 தொடர்களுள் ஒன்றை மாற்றினால் அது வரும் எல்லா வாக்கியங்களும் மாறிவிடும். இதை மறந்து தொட்டவர் படும் பாடு பெரிது.

உண்மையான இடர்ப்பாடு அகராதியில் உள்ளது. விளையாடுபவர் உள்ளிடும் சொல்லும் அகராதிச் சொல்லும் ஒரே அளவில் வெட்டப்பட்டே ஒப்பிடப்படுகின்றன: 3-ஆம் பதிப்பில் 6 அலகுகள், 4 முதல் 9. 1997-இல் வெளியான தர வரையறை, 5-ஆம் பதிப்பு முதல் 97 கூடுதல் எழுத்துகளை யூனிகோடிலிருந்து ஏற்க வழி செய்தது. தமிழ்க் குறியீடுகள் அதில் அடங்கும். ஆனால் இயல்புநிலையில் ஒவ்வொன்றும் 4 அலகுகள் கொள்ளும். ஆகவே 9 அலகுகளில் முழுதாக நிற்பவை வகரமும் இகரக் குறியும் மட்டுமே. ‘விளக்கு’, ‘விறகு’, ‘விதை’ மூன்றும் ஒரே சொல்லாகிவிடும்.

5-ஆம் பதிப்பு எழுத்தட்டவணையையே மாற்றிக்கொள்ள இடமளிக்கிறது. புள்ளியும் வகர ககரங்களும் உயிர்க்குறிகளும் உள்ளிட்ட 26 குறியீடுகளை முதல் வரிசையில் வைத்தால் ‘விளக்கு’ 7 அலகுகளில் அமையும். அந்த 26-ஐத் தெரிவு செய்ய இலக்கிய உரையின் எண்ணிக்கை உதவாது. ஏவல் வினைகளும் பொருட்பெயர்களும் நிறைந்த உரையையே எண்ண வேண்டும்.

அதன் பின்னும் வேற்றுமை எஞ்சுகிறது. ‘விளக்கினை’ சரியாக 9 அலகுகள், தப்பிவிடுகிறது. ‘விளக்கினுள்’, ‘விளக்கினுக்கு’ இரண்டும் ‘விளக்கினு’ என்றே வெட்டுப்படுவதால் ஏழாம் வேற்றுமைப் பொருளும் நான்காம் வேற்றுமையும் மயங்கும். வடிவங்களையெல்லாம் அகராதியில் அடுக்குவதால் இது தீராது. ஒப்பீட்டுக்கு முன்பே உருபையும் சாரியையையும் பிரித்தெடுக்கும் துணைநிரல் ஒன்றை எழுதுவதே தக்க வழி. அதற்கு வேண்டுவது தமிழ் உருபனியல் விதிகளே.